கையக் கழுவிட்டு வாங்கையா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பிரசவ அறைக்குள் நடந்ததை ஒரு ஆண்பிள்ளை எழுதுவது முறையா என்று ஒரு கூச்சம். என் மனைவி வேறு, "டாக்டரையே எதுத்துப் பேசுனவளுன்னு என்னைய நாலு பேரு பேசவா?" என்று தடுத்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தைப்பூசத்துக்கு முருகன் சந்நிதியில் நின்றபோது அவளே, "எழுதணும்னு கெடந்து தவிக்கீக. எழுதித்தான் தொலைங்களேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை, அவளுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. தோட்டத்து ஆஸ்பத்திரி, தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். அதன் வாசலில் ஒரு வெள்ளைப் பீங்கான் பேசினில் மருந்துத் தண்ணீர் இருக்கும். டாக்டர், கம்பவுண்டர், ஆயா என்று யார் உள்ளே போனாலும் அதில் கையை முக்கி, ஆணியில் தொங்கும் துண்டில் துடைத்துக்கொள்வார்கள். காலையில் ஊற்றிய அதே தண்ணீர், அதே துண்டு, பொழுது சாயும்வரை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஜனங்கள் அதைத் தீர்த்தமாகவே நினைத்தோம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும் விரலை முக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பிள்ளைகளின் தலையிலும் தெளிப்போம். கோயில் குளத்தில் எத்தனை பேர் முழுகினாலும் குளம் தீட்டாகுமா? அப்படித்தான் எங்கள் புத்தி போயிற்று.

அந்த வார்டில்தான் என் மனைவியின் அக்காள் போய்ச் சேர்ந்தாள். பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. சில நாளில் குளிர் நடுக்கி, காய்ச்சல் ஏறி, ஜன்னி கண்டு போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் அப்படிப் போனவர்கள் உண்டு. ஆகவே என் மனைவிக்கு மாதம் ஏற ஏற எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. வயிற்றைத் தடவிக்கொண்டு, "என்னையும் அங்கயா கொண்டு போவீக?" என்று மட்டும் கேட்பாள்.

அந்தச் சமயத்தில் கோட்டயம் பக்கத்திலிருந்து ஒரு புது சிஸ்டர் வந்தார். வாசலில் ஜனங்கள் பேசினில் விரலை முக்கிக் கண்ணில் ஒற்றுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். மறுநாள் அந்தத் தண்ணீரைச் செடியில் கொட்டிவிட்டு, பேசினையும் துண்டையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் செங்கல் அடுக்கி, குழாய் வைத்த ஒரு தகர டிரம் வந்தது. வெந்நீர், சோப்பு, வேகவைத்துக் காயப்போட்ட சிறு துணிகள். ஒரு துணி ஒருவருக்கு ஒரு தடவைதான். ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்பும் கழுவ வேண்டும்.

கம்பவுண்டருக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா கல்யாணப் பந்தியா? வரிசையா நின்னு கை கழுவச் சொல்றீங்க?"

"பந்தியில கை கழுகாம சோறு தொடுவீங்களோ? பெற்ற பெண்ணை மட்டும் தொடலாமா?" என்றார் சிஸ்டர், மலையாளம் கலந்த தன் தமிழில்.

ஆனால் சிஸ்டர் பார்க்கும்போது கழுவுவார்கள், அந்தப் பக்கம் திரும்பினால் மறப்பார்கள். மலைக் குளிரில் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும், ஆறிய தண்ணீர் ஊசியாய்க் குத்தும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆகவே சிஸ்டர் வேறொன்று செய்தார். பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளிடம், "யார் தொட வந்தாலும், டாக்டர் வந்தாலும், நான் வந்தாலும், கை கழுகியாச்சோன்னு நீங்க சோதிக்கணும், கேட்டோ" என்றார். சோதிப்பது என்றால் அவர் பாஷையில் கேட்பது.

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். "நாங்க கேக்கவா? டாக்டரையா? பேரு வெட்டிருவாகம்மா!" பேர் வெட்டினால் அன்றைய வேலையும் கூலியும் போய்விடும். டாக்டர் நடந்து வந்தால் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுங்குகிற காலம் அது.

ஆனி மழையில் என் மனைவிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். வேறு வழியில்லை, பிள்ளை குறுக்கே கிடந்தது. உள்ளே சிஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆயா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் அப்போது வெளி அறையில், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஒருவரின் தொடையில் பழுத்த கட்டியைக் கீறிக்கொண்டிருந்தார். அப்படியே எழுந்து, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். டிரம்மைத் தாண்டி உள்ளே போனார். நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு வாய் வரவில்லை.

பாதிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் குரல் கேட்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயா... கையக் கழுவிட்டு வாங்கையா."

பக்கத்தில் நின்ற கம்பவுண்டர், "யோவ், உம் பொண்டாட்டிக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். கும்பிட்டு, "ஐயா, வலியில ஏதோ உளறிட்டா" என்றேன்.

"உளறல. சரியாத்தான் சொன்னா. தண்ணிய ஊத்துப்பா, கொழாய்ல மெதுவா வருது."

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி நீட்டினார். நான் செம்பில் மொண்டு ஊற்றினேன். சோப்பு நுரை முதலில் இளஞ்சிவப்பாகவும் மஞ்சளாகவும் இறங்கியது. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. நுரை வெள்ளையாகும்வரை தேய்த்தார். செங்கல்லில் வழிந்த அந்தத் தண்ணீரை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதுதானே அவளுக்குள் போக இருந்தது. அபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறேன், அதைவிடக் கவனமாக இதை ஊற்றினேன். அவர் உள்ளே போனதும் கம்பவுண்டர் தன் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். அவருக்கும் ஊற்றினேன்.

பிள்ளை திரும்பி, பிறந்தது. ஆண். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. அக்காளுக்கும் பிரசவம் நன்றாகத்தானே ஆயிற்று?

மறுநாள் காலை ஜன்னல் வழியே ஒன்று கண்டேன். டாக்டர் கழுவின கையோடு வந்து அவள் கட்டிலருகே நின்று, ஈரம் சொட்டும் இரண்டு உள்ளங்கையையும் உயர்த்தி, "பாத்துக்கம்மா, கழுவியாச்சு" என்றார். இவள் வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அடுத்த கட்டிலிலும் அப்படியே காட்டினார். பின்னால் சிஸ்டர் காட்டினார், ஆயா காட்டினாள். கம்பவுண்டரும், "தாயே, என் கையும் பாருங்க, இல்லன்னா அதுக்கும் ஏசுவீங்க" என்று காட்டினார். வார்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. அபயக் கரத்தை நான் சிலையில்தான் பார்த்திருந்தேன். ஈரக் கையாகப் பார்த்தது அங்கேதான். என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் அவள் நெற்றி சுட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் கை கழுவி வந்து பார்த்து, "பால் கட்டின சூடாக்கும். பிள்ளைக்குக் கொடுத்தா இறங்கும்" என்றார். விடியும்போது இறங்கியிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனேன். "மொதல்ல கையக் கழுவுனீகளா?" என்றாள். அப்போதுதான் என் மனைவி பிழைத்துவிட்டாள் என்று நம்பினேன்.

நாங்கள் லயத்துக்குத் திரும்புமுன்பே, அம்மன் அவள்மேல் இறங்கி டாக்டரை அதட்டினாள் என்று கதை பரவியிருந்தது. நான் சாமி கும்பிடுகிறவன், அம்மன் துணையில்லை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் அன்று அருள் வரவில்லை. குலவை இல்லை, ஆட்டம் இல்லை. பயந்துபோன ஒரு கொழுந்து பறிக்கிற பெண், தன் புத்தியோடு, தன் வாயால் கேட்டாள். பெரிய படிப்புப் படித்த மனுஷர் ஒருவர் அதைக் கேட்டு வெளியே வந்து கழுவினார். இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். சொல்லும்போது அம்மனைச் சேர்க்க வேண்டாம், டாக்டரைக் கெட்டவராக்க வேண்டாம். அவள் கேட்டாள், அவர் கழுவினார். அப்படியே சொல்லுங்கள்.