குடை தொங்கிய கைப்பிடி

சங்கரபாண்டி அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் குற்றாலத்தில் கடையில் உட்கார்ந்து மங்குஸ்தானைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். என் பேத்தி செல்வி போனை வைத்துவிட்டு வந்து, "ஆச்சி, ஸ்டுடியோ அண்ணாச்சி போயிட்டாராம்" என்றாள். நான் கையிலிருந்த பழத்தை அமுக்கிப் பார்த்தேன். கல்லாக இருந்தது. கழிவுக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, ஏட்டி. எப்ப எடுக்காங்களாம்?"

"நாளைக்குக் காலையில. வீடியோ எடுக்க என்னையத்தான் கூப்பிடுதாங்க."

அப்போதுதான் நான் நிமிர்ந்தேன்.

அண்ணாச்சியின் இந்தப் பதினாறாம் நாள் நினைவு மலரில் எழுதுகிற மற்றவர்கள் எல்லோரும் போட்டோக்காரர்கள். அவரிடம் தொழில் பார்த்தவர்கள், அவர் கடையில் கேமரா வாங்கியவர்கள். நான் பழம் விற்பவள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. என்னிடம் ஏன் எழுதி வாங்குகிறீர்கள் என்று அவருடைய மகன் கணேசனைக் கேட்டேன். "அப்பா படுக்கையில கெடக்கும்போதே சொல்லிட்டாவ. மலர் போட்டா குத்தாலத்து ஆச்சிகிட்ட எழுதி வாங்குலே, மத்தவனுவ எல்லாம் என்னையத் தெய்வமாக்கிருவானுவன்னு" என்றான். ஆகையால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கருத்தைத் திருத்த வேண்டாம். அண்ணாச்சி எங்களுக்குச் செய்தது நல்லது இல்லை. செத்துப்போனதால் அது நல்லது ஆகிவிடாது.

செல்வி என் மகள் வயிற்றுப் பேத்தி. கல்யாண வீடியோ எடுப்பது அவள் தொழில். அவள் கேமரா பழையது, கனமானது. அதன் மேல் மாட்டுகிற லென்ஸ் பெரிய மூங்கில் கணு மாதிரி இருக்கும். அதைக் கையில் பிடித்து நடந்தால் படம் ஆடும். ஆடாமல் இருக்க ஜிம்பல் என்று ஒரு மிஷின் வேண்டும். கீழே கைப்பிடி, மேலே மூன்று மோட்டார். நாம் எப்படி நடந்தாலும் கேமரா மட்டும் அசையாமல் நிற்கும். அதை வாங்கத்தான் தென்காசியில் கோயில் பக்கம் இருந்த அண்ணாச்சி கடைக்குப் போனோம். சுற்றுவட்டாரத்தில் யார் கல்யாணத்துக்கு யார் வீடியோ என்பதை அவர் வாய்தான் முடிவு செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் 'சரி' என்றால் செல்விக்குப் பிழைப்பு. இல்லை என்றால் இல்லை.

அவர் கேமராவைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், கறுப்புக் குடை தொங்கிய சுவர் பக்கம் இருந்த அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்." பெட்டியில் இரண்டு கிலோ வரை தாங்கும் என்று போட்டிருந்தது. "கேமரா எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன். "ஒண்ணே முக்கால்" என்றார், கையில் தூக்கிக்கூடப் பார்க்காமல்.

எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருஷமாக நிறுத்துக் கொடுக்கிறவள் நான். கை சொல்லும். மறுநாள் கடைத் தராசைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் மேஜை மேலேயே தராசை வைத்து, செல்வியிடம் கல்யாணத்தில் எப்படி மாட்டுவாயோ அப்படியே எல்லாவற்றையும் மாட்டச் சொன்னேன். லென்ஸ், பேட்டரி, மைக், அடியில் போடுகிற தகடு. தட்டில் வைத்தாள். இரண்டு கிலோ முந்நூற்றைம்பது.

கடையில் நாலைந்து போட்டோக்காரர்கள் இருந்தார்கள். இதை வாசிக்கிறவர்களிலும் அவர்கள் இருப்பார்கள்.

"இது மங்குஸ்தான் இல்ல, ஆச்சி" என்றார் அண்ணாச்சி.

"கிலோ எல்லாத்துக்கும் கிலோதான், அண்ணாச்சி."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நாங்கள் பின்னால் அனுபவித்தோம்.

"வாங்க, கோபுர வாசலுக்கு" என்று எழுந்தார். தென்காசிக் கோபுரத்துக் காற்று எல்லோருக்கும் தெரியும். சாரல் மாதத்தில் வெளியே நின்றால் உள்ளே தள்ளும், உள்ளேயிருந்து வந்தால் சேலையைப் பிடித்து இழுக்கும். மிஷின் வாங்க வருகிறவர்களை அவர் அங்கேதான் நடக்க வைப்பார். "பெட்டியில போட்டிருக்கது கம்பெனிக்காரன் எடை. கோபுரத்துக் காத்துல நிக்கதுதான் நம்ம எடை" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. அது உண்மையான வார்த்தை. அதை நான் மறுக்கவில்லை. சின்ன மிஷினில் கேமராவை மாட்டிக் காற்றுக்குள் நடந்தாள் செல்வி. மோட்டார் வண்டு மாதிரி ரீங்கரித்தது, லென்ஸ் முகம் தொங்கியது, படம் ஜுரக்காரன் போல நடுங்கியது. இது நிற்காது என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்காதா? வாங்க ஆள் இல்லாமல் கிடந்த மிஷினை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். தராசு வந்ததால் நடக்கவில்லை.

பிறகு பெரிய மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். அது அசையாமல் நின்றது. காற்று என்ன செய்தும் ஒன்றும் ஆகவில்லை. செல்வியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மிஷினும் கேமராவும் சேர்ந்து நாலு கிலோ. "சரி, அப்படியே நீட்டிப் புடிச்சு நில்லு. நான் ஒரு டீ குடிச்சிருதேன்" என்று வாசலில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்.

அவர் டீ குடித்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு வாய்க்கும் ஊதினார். பாதியில் ஒரு வடை சொன்னார். வடை வந்தபோது செல்வியின் கை நடுங்கத் தொடங்கியது. அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "மிஷின் ஆடல. பிள்ளைதான் ஆடுது."

செல்வி கையைத் தாழ்த்தினாள். நான் அதைப் பிடுங்கி நீட்டிப் பிடித்தேன். "இன்னொரு டீ குடிங்க" என்றேன். குடித்தார். முழு டீயும் குடித்தார். என் கை ஆடவில்லை. முடித்துவிட்டு, "ஆச்சி, ஒங்களுக்கு வேணும்னா வேலை தாரேன்" என்றார். மறுபடியும் சிரிப்பு. அந்த இரண்டாவது டீக்கு அப்புறம் பத்து நாள் என்னால் தலை சீவ முடியவில்லை. செல்விக்குக்கூடச் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவை சொல்கிறேன்.

பெரிய மிஷினையே வாங்கினேன். வீம்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கனத்த கேமராவுக்கு வேறு எதுவும் நிற்காது என்று கோபுரக் காற்றே சொல்லிவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் செல்வி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்கு இந்தத் தொழிலே வேண்டாம், ஆச்சி" என்றாள்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கச் செல்வியைப் பேசி முடித்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் போன் செய்து, "பிள்ளைக்குக் கை தாங்காதுன்னு அண்ணாச்சி சொல்லுதாரு. நாங்க வேற ஆளு பாத்துட்டோம்" என்றார்கள். அதற்கு அடுத்ததும் போயிற்று. செல்வி மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காது குத்துக்கும் பாஸ்போர்ட் சைஸுக்கும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது அதை எடுத்து ஒரு மணி நேரம் தூக்கிப் பழகினால் மணிக்கட்டு வீங்கும். ராத்திரி தைலம் தேய்த்துவிடுவேன். தேய்க்கும்போதெல்லாம் அவரைத் திட்டுவேன். என்ன திட்டினேன் என்பது மலரில் எழுதக்கூடியது இல்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் செல்வி போனைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். "ஆச்சி, இதைப் பாரு." எங்கேயோ ஒருவன் அதே மிஷினை வைத்து நடந்துகொண்டிருந்தான். ஆனால் ஒற்றைக் கையால் இல்லை. மிஷினுக்குக் குறுக்கே ஒரு வளைந்த கம்பி, இரண்டு பக்கமும் ரப்பர் பிடி. பால் குடத்தை அணைத்துப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கனம் மணிக்கட்டுக்குப் போகாமல் தோளுக்குப் போய்விடுகிறது.

நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி, இதை நான் பாத்திருக்கேன்" என்றேன்.

"நீ எங்கன பாத்த?"

"அண்ணாச்சி கடைச் செவுத்துல. அதுலதான குடையைத் தொங்கப் போட்டிருந்தாரு!"

அன்றைக்கே போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. கடையில் கணேசனும் அவரும் மட்டும். சுவரில் அதே கம்பி, அதே கறுப்புக் குடை. நான் குடையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கம்பியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். "இது எதுக்கு உள்ளது, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை மேலே தள்ளினார். "கண்டுபிடிக்க இத்தன நாளா?"

"ஒமக்குத் தெரியும். அன்னைக்கு அவ கை நடுங்கும்போது இது ஒம்ம கடைச் செவுத்துல தொங்குச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"கேக்கத் தெரியாதவகிட்ட எடுத்துச் சொல்லுததுதான் கடைக்காரன் வேலை. நானும் கடைதான் வச்சிருக்கேன். புளிக்கும்னா புளிக்கும்னு சொல்லித்தான் நிறுத்துப் போடுதேன்."

அவர் மேஜையில் கிடந்த குடையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "எனக்கு யாரு ஆச்சி சொன்னா? முப்பது கிலோ லைட்டைத் தலையில வச்சுக்கிட்டு ராத்திரி பூரா நின்னேன். எனக்கு எவன் சொன்னான்?" என்றார்.

அதைக் கேட்டு நான் இரங்கவில்லை. இன்றைக்கும் இரங்கவில்லை. தனக்கு எவனும் சொல்லவில்லை என்பதற்காகத் தானும் சொல்லாமல் இருப்பவன், தனக்குக் கிடைத்த அடியைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்தவனுக்குக் கொடுக்கிறவன். கம்பிக்கு உண்டான பணத்தை மேஜையில் வைத்தேன். வெளியே மழை வலுத்துவிட்டது. கம்பி நனையக் கூடாது என்று அந்தக் குடையையும் எடுத்து விரித்துக்கொண்டு நடந்தேன். "ஆச்சி, அது என் குடை" என்று பின்னால் குரல் வந்தது. நான் திரும்பவில்லை.

அதற்கப்புறம் செல்வி செய்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் கேமராவை முன்னே பின்னே நகர்த்தி, கை எடுத்தாலும் விட்ட இடத்தில் நிற்கும்வரை சரி பார்ப்பாள். தராசு முள்ளை நடுவில் நிறுத்துகிற வேலைதான். அதில் நானும் கூட உட்காருவேன். பண்பொழி மலைக்கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் படியேற ஏற, அவர்களுக்கு முன்னால் பின்புறமாகவே ஏறி எடுத்தாள். அந்த வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. அண்ணாச்சியும் பார்த்தார் என்று கணேசன் சொன்னான். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. குடை எங்கனன்னு ஆச்சிகிட்ட கேளுன்னாவ" என்றான். "வந்து வாங்கிக்கிடச் சொல்லு" என்றேன். அவர் வரவில்லை. இப்படியே மூன்று தடவை ஆள் விட்டார். மூன்று தடவையும் அதே பதில்தான் சொன்னேன். பிறகு படுத்துவிட்டார்.

சாவு வீட்டுக்கு நான் போனதே சாரல் பெய்தது என்பதால்தான். செல்வியின் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும். கேமராவுக்குக் குடை பிடிக்க ஆள் வேண்டும். வீட்டில் கைக்கு அகப்பட்ட குடை அவருடையதுதான். பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம். சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு ஆண்கள்தான் போவார்கள். முனை வந்ததும் ஒரு பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "பொம்பளையாளு இங்கனயே நில்லுங்க. கேமராவ அவன்கிட்ட குடும்மா." அவர் காட்டிய ஆள், அன்றைக்கு டீக்கடையில் சிரித்தவர்களில் ஒருவர். அந்த ஆள் கேமராவை வாங்கக் கையை நீட்டக்கூட இல்லை.

செல்வி கணேசனைப் பார்த்தாள். அவன் கையில் தீச்சட்டி. "எடுக்கதுக்குத்தான கூப்பிட்டேன். அவ வரட்டும்" என்றான்.

"அப்ப இந்த ஆச்சி?" என்றார் பெரியவர்.

"கேமரா நனையும்லா" என்றேன்.

கணேசன் என்னைப் பார்த்தான். பிறகு குடையைப் பார்த்தான். அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பெரியவரைத் தாண்டி நடந்தான். நாங்கள் இரண்டு பேரும் பாடைக்கு முன்னால் பின்புறமாக நடந்து கரைவரைக்கும் போனோம்.

"சாவு வீட்டுல கேமரா ஆடணும். ஆடலைன்னா எடுத்தவன் அழலைன்னு அர்த்தம்" என்று அண்ணாச்சி சொல்வார் என உங்களில் பலர் என்னிடம் அன்றைக்குச் சொன்னீர்கள். செல்வி எடுத்ததை நான் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். தீ வைக்கிற இடத்தில்கூட ஒரு நூல் ஆடவில்லை. அவர் சொல்படி பார்த்தால் நாங்கள் அழவில்லை. கேமராவுக்கு மேலே இருந்த குடை ஆடியதா என்று கேட்காதீர்கள். அது படத்தில் விழவில்லை.

அந்தக் குடையைக் கணேசன் இன்னும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அடுத்த முகூர்த்தத்தில் செல்விக்குக் குற்றாலத்தில் ஒரு கல்யாண வீடியோ இருக்கிறது, சாரலும் இருக்கும். அவள் பக்கத்தில் நான் நிற்பேன். பார்க்க வருகிறவர்கள் எத்தனை டீ வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளலாம்.