மாடி போர்ஷனில் என் முறை

போன வியாழக்கிழமை, மண்ணூர்பேட்டை டீக்கடை. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஒட்ட வெட்டிய கிராப்பும் பழுப்பு ஷூவுமே சொல்லிவிட்டன — மஃப்டி போலீஸ்!

"உங்க மாடி போர்ஷன்ல கீறாங்களே, இன்னா சார் பண்றாங்க?"

மாடியில் இருப்பது ஆறு பேர். தாடியும் ஜோல்னாப் பையுமாக நாலு ஆண்; கூட இரண்டு பெண். தெருத்தெருவாக நாடகம் போடுகிறார்கள். ஏரியில் கழிவு விடும் ஃபேக்டரி வாசலில் கோஷம் போடுகிறார்கள். ஆண்கள் துணி துவைக்கிறார்கள். பெண்கள் சைக்கிளில் வெளியே போகிறார்கள். என்ன ஜாதி என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் பயம். போலீஸைக் கண்டால் அதைவிடப் பயம்.

"ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங் நடக்கும்" என்றேன். கேட்காததையும் சொன்னேன்... யார் யார் வருவார்கள், எந்தப் பக்கம் மாடிப்படி, எல்லாம்.

ஞாயிறும் வந்தது. தெருவே டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தது. மாங்காடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய என் மனைவியின் குரல் மாடியில் கேட்கிறது!

இப்போது ஜீப் வந்தால்? அவளையும் அல்லவா அள்ளிக்கொண்டு போவார்கள்? தடதடவென்று மாடி ஏறினேன்.

வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் இவளும். "எழுந்திரு, போகலாம்" என்றேன். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் மாடிக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"குந்து அண்ணாத்தே. இந்த வாரம் பண்ண தப்பை அவங்கவங்க சொல்லிகினு கீறோம். மீட்டிங் முடியாம யாரும் எய்ந்து போவக்கூடாது."

உட்கார்ந்தேன். காது மட்டும் தெருவில் இருந்தது. ஆட்டோ சத்தம் கேட்டால்கூட மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு பெண், ஒத்திகைக்கு லேட்டாக வந்ததைச் சொன்னாள். லேத்காரர், தன் சமையல் முறை அன்று தூங்கிவிட்டதைச் சொன்னார். அடுத்தது என் மனைவி.

"மூணு வாரமா கோயிலுக்குன்னு இவராண்ட பொய் சொல்லிகினு இங்க வரேன். சொன்னா பயந்துப்பாரு, அதான்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்... ஒண்ணும் பண்ணலைங்க."

"பரவால்ல அண்ணாத்தே. மொத வாட்டி எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க" என்று டீயை நீட்டினார் லேத்காரர்.

அன்று ஜீப் வரவில்லை. இனியும் வராதா? தெரியாது. தாடியையும் ஜோல்னாப் பையையும் பார்த்து மிரளுகிறோமே — காட்டிக் கொடுத்தவன் தினமும் ஷேவ் செய்துகொள்கிற குடும்பஸ்தன். வெட்கமாக இருக்கிறது.

அந்த வட்டத்தில் வாயில் வராதது இங்கே எழுத்தில் வந்துவிட்டது. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாராவாரம் முதலில் படிப்பது என் மனைவிதான்!