பாலத்துக்குப் போகாத மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஊரில் எல்லா வீதிகளும் அத்துப்படி. எந்த வீதியில் கழிப்பறை இருக்கிறது என்பது அதைவிட அத்துப்படி. பெட்ரோல் பங்க், நூலகம், பஸ் நிலையம், கீழ்த்தளக் கழிப்பறையைப் பூட்டாமல் விடும் ஒரு புண்ணியவான் வங்கி. ஒன்பது வருடமாக அவருக்குக் குடல் அழற்சி நோய். மருந்தில் புண் ஆறியது, ரத்தம் போவதும் நின்றது. வழியில் அவசரமாக வந்துவிடுமோ என்ற பயம் மட்டும், வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"உங்க குடலுக்கு டாக்டர் இருக்காரு. மனசுக்கு யாரு இருக்கா?" என்று கேட்ட மனைவி, இந்த நோயாளிகளுக்கென்றே இணையத்தில் நடக்கும் மனநல ஆலோசனையில் அவர் பெயரைப் பதிந்துவிட்டாள். மாஸ்டர் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார். புதன்கிழமை மதியம் காரை மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைப்பார். முதல் இரண்டு வாரமும் ஆலோசகர் அம்மா பார்த்தது அவருடைய நெற்றியை மட்டும்தான்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா அவர் தினமும் போகும் பாதைகளைக் கேட்டார். மாஸ்டர் பெருமையோடு ஒப்பித்தார்.

"சரி, போகாத பாதை எது?"

"பெரிய பாலம் மேடம். ஏறினா இறங்க கால் மணி நேரம், நடுவுல ஒண்ணுமே கிடையாது. அந்தப் பக்கம் நான் தலை வச்சும் படுக்கிறதில்ல."

"உங்ககிட்ட கத்துக்கிறவங்க?"

அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. லைசென்ஸ் டெஸ்ட் நடப்பதே அந்தப் பாலத்தில்தான். ஊருக்குள் அழகாக ஓட்டும் அவருடைய மாணவர்கள் பாலத்தில் ஏறியதும் பேந்தப் பேந்த விழித்தார்கள். அவர்களுக்குத் தைரியம் போதவில்லை என்று இத்தனை வருடமும் மனுஷன் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்!

அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் கணக்கு டீச்சர் ஒருவர் இரண்டு முறை ஃபெயில். பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிக்கு அவருக்கு மாற்றல் வந்திருந்தது. அங்கே பஸ் கிடையாது. வெள்ளிக்கிழமை டெஸ்டிலும் கோட்டைவிட்டால் வேலையை விடவேண்டியதுதான்.

வியாழன் காலை வகுப்பில் மாஸ்டர் வைப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், நீங்க ஃபெயிலானதுக்குக் காரணம் நான்தான்." பிறகு வயிற்றுக் கதையை ஒன்றுவிடாமல் கொட்டினார்.

டீச்சர் வாயைப் பிளந்தார். "பாதி வகுப்புல இறங்கி ஓடினது அதுக்கா? நான் ஓட்டுற லட்சணத்தப் பாத்து உயிருக்குப் பயந்து ஓடுறீங்கன்னுல்ல நெனச்சேன்! வீட்டுக்குப் போய் அழுவேன், மாஸ்டர்."

சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் அவமானத்தை மறைக்கிறேன் என்று அதைக் கொண்டுபோய் இந்த அம்மாவின் தலையில் கட்டியிருக்கிறோமே என்று மனசு சுருக்கென்றது.

"வண்டிய எடுங்க. பாலத்துக்குப் போவோம்."

பாதிப் பாலத்தில் முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. மாஸ்டருக்கு வயிறு முறுக்கியது. ஆலோசகர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெல்ல விட்டுப் பார்த்தார். வயிறு மசியவில்லை.

டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தார். "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு." மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அவர் இதுவரை சொல்லாத வார்த்தை.

"நீங்க வயித்தப் பாருங்க. ரோட்ட நான் பாத்துக்கிறேன்."

இண்டிகேட்டர் போட்டு, கியரை மாற்றி, லாரியைத் தாண்டினார் டீச்சர். பாலம் இறங்கி, நேராகத் தன் புதிய பள்ளிக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். "ஆபீஸ் பக்கத்துல மஞ்சக் கதவு. ஓடுங்க!"

மாஸ்டர் ஓடினார். நல்லவேளை, போய்ச் சேர்ந்துவிட்டார்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பூரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

"பாலத்த முழுசா நானே தாண்டினேன். கவனிச்சீங்களா?"

"நான் இருந்த இருப்புல எங்க கவனிக்கிறது, டீச்சர்?" என்று மாஸ்டர் சீட் பெல்ட்டை மாட்டினார். "திரும்பிப் போறப்ப கவனிக்கிறேன். எடுங்க."