லூயிஸ் மாமா அமுக்கச் சொன்ன பட்டன்

ராயபுரத்தில் அவரை ‘லாஞ்ச் லூயிஸ்’ என்றால்தான் தெரியும். துறைமுகத்து டாக்டரைப் படகில் ஏற்றிக்கொண்டு, வெளியே நிற்கும் கப்பல்களுக்கு முப்பத்தோரு வருஷம் கூட்டிப் போனவர். நோயாளி இருக்கிற கப்பலை அப்போதெல்லாம் உள்ளே விடமாட்டார்கள். வெளியிலேயே நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள். டாக்டர் சரியென்ற பிறகுதான் உள்ளே வரும். மாமாவுக்குத் தமிழ் படிக்க வரும், இங்கிலீஷ் வராது.

இரண்டாயிரத்து ஒன்றில் அவருடைய ஒரே மகள் ரெஜினா மஞ்சள் காமாலையில் ஒன்பதே நாளில் போய்விட்டாள். இருபத்து மூன்று வயசு, சாகிற வயசா அது? மாமி ஏற்கெனவே இல்லை. ரெஜினா டி.டி.பி. வேலை பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர் மட்டும் துணி போர்த்தியபடி மூலையில் கிடந்தது.

என் பேர் வல்லரசு, அதே தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். பெரிய ரிப்பேர்! எவன் எதைக் கொண்டுவந்தாலும் ஃபார்மேட் போட்டு மொத்தத்தையும் துடைத்துக் கொடுத்துவிடுவேன். தலைவலி என்று வந்தவனுக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம்.

சர்ச்சில் ரெஜினாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் மாமா கூப்பிட்டனுப்பினார்.

“எம் பொண்ணு இதுல எனுக்கு ஏதோ எழுதிகினு இருந்துச்சு. எடுத்துக் குடு கண்ணு.”

தேடினேன். ‘நைனாவுக்கு’ என்று ஒரு ஃபைல் இருந்தது. திறக்கப் போனதுமே, நான் போட்டுக்கொடுத்த ஆண்ட்டி வைரஸ் சிவப்புப் பெட்டியோடு குறுக்கே விழுந்தது. ஃபைலில் வைரஸ் இருக்கிறது, சுத்தம் செய்ய முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டு இங்கிலீஷில் இரண்டு பட்டன்களைக் காட்டியது.

“இது பூட்ச்சு மாமா. அழிச்சிட்டு ஃபார்மேட் போட்டா மிஷினாவது பொழைக்கும்.”

மவுஸ் மேலிருந்த என் கையை அவர் அழுத்திப் பிடித்தார். இரண்டாவது பட்டனைத் தொட்டுக் காட்டினார்.

“இது குவாரண்டைன்தானே?”

இங்கிலீஷ் வராதவர் இதை எப்படிப் படித்தார்?

“எங்க லாஞ்சு மேல இந்த எழுத்துதான்டா எழுதிகீது. தெனம் பாத்ததுதானே. நோவு வந்த கப்பல எவனாச்சும் முழுகடிப்பானா? வெளிய நிறுத்து. மருந்து வர்ற வரிக்கும் நிக்கட்டும்.”

கப்பலும் கம்ப்யூட்டரும் ஒன்றா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவர் கையை எடுக்கவில்லை. அவர் சொன்ன பட்டனையே அமுக்கினேன். ஃபைல் அழியாமல், திறக்க முடியாதபடி தனியே ஒதுங்கியது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வருவார். “மருந்து வந்துச்சா?” புது வைரஸ்களுக்கான மருந்து மாதம் ஒருமுறை சி.டி.யில் வரும். முதல் மாதம் இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை. அவர் தலை தெரிந்தாலே எனக்குப் பேஜாராக இருந்தது.

இதற்கு நடுவில் என் கடை ஃபிளாப்பிகளைச் சோதித்துப் பார்த்தேன். அதே வைரஸ். ரெஜினாவின் கம்ப்யூட்டரில் ஃபிளாப்பியிலிருந்து தமிழ் ஃபாண்ட் போட்டுக்கொடுக்கப் போனபோது நான்தான் அதை அந்த வீட்டுக்குள் கொண்டுபோயிருக்கிறேன்! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

“எந்தக் கப்பல்ல வந்தா இன்னா? நீ மருந்தப் பாரு,” என்றார்.

மூன்றாம் மாத சி.டி.யில் மருந்து இருந்தது; மாமா வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒதுக்கிவைத்த ஃபைலை வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய ஆண்ட்டி வைரஸை ஓடவிட்டேன். ஒரு நிமிஷம் ஓடி நின்றது. திறந்தேன். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவைக்க எழுதியிருக்கிறாள். மாமா விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார்.

“நைனா, நான் வேலைக்குப் போனப்புறம் கம்ப்யூட்டர் போடணும்னா இத்தப் பாத்துச் செய். மொதல்ல செவுத்து சுச்சு. அப்பால டப்பா மேல கீற பட்டன். செவப்பா எதுனா வந்தா பயந்துகினு அழிச்சிடாத. அப்டியே வுட்டுடு. நான் வந்து பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான் கடிதம்.

மாமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அழிக்கலம்மா,” என்றார். “அப்டியேதான் கீது. வந்து பாரு.”