பம்பை நிறுத்திப் பார்

பீக்கர் முதலான கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குத்தான் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். அதனால் பீக்கரம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடம் ஓடி, மனிதத் திசுவை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவள்தான் என்று ஆன பிறகும் பெயர் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. படித்தவர்களுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்.

வேலை இதுதான். தானமாக வந்த மனித செல்களை வளர்த்து, கட்டைவிரல் நகமளவு இதயத் தசைப் பட்டையாக்க வேண்டும். பட்டையை இரண்டு ஊசிகளுக்கு நடுவே மாட்டி வைத்தால், இளஞ்சிவப்பு நிற ஊட்டத் திரவத்தைச் சின்னப் பம்பு ஒன்று நொடிக்கு ஒரு தரம் அதன்மேல் தள்ளும். பட்டை உயிரோடு இருந்தால் தானாகத் துடிக்கும். அதைப் பழுதான இதயத்தின் மேல் தைத்து மனிதரைப் பிழைக்க வைப்பது பேராசிரியரின் கனவு. கனவு காண்பது அவர் வேலை, விடுமுறை நாளிலும் வந்து திரவம் மாற்றுவது இவள் வேலை.

தினமும் காலையில் வந்ததும் பம்பை நிறுத்திவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பம்பு தள்ளுகிற வேகத்தில் செத்த தோல்கூட ஆடும் என்பது கழுவித் தேய்ந்த கைக்குத் தெரியும். நிறுத்திய பிறகும் துடித்தால்தான் உயிர். பட்டை உயிரோடு இருந்தால் சாப்பிடும், கழிவை விடும், இரண்டு நாளில் திரவம் மஞ்சளாகிவிடும்.

அந்தப் பம்பை நிறுத்தக் கூடாது என்று பேராசிரியர் உத்தரவு போட்டார். படம் பிடிக்கும்போது இடையில் அறுந்து போகிறதாம். பம்பின் மேல் 'நிறுத்தாதீர்கள்' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார். இருபது வருடத்தில் அவர் கைப்பட அந்த அறையில் செய்த ஒரே வேலை அதுதான்.

அன்றிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் திரையைப் பார்த்துத் துடிப்பைக் குறித்தார்கள். காலையில் நிமிடத்துக்கு அறுபது, மதியம் அறுபது, அடுத்த நாளும் அறுபது. எந்த இதயமாவது இப்படி நாள் முழுக்கப் பிசகாமல் அறுபது துடிக்குமா என்று ஒரு பெரிய மூளைக்கும் தோன்றவில்லை. நாற்பது நாள் துடித்த பட்டை என்று அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதே முறையில் செய்த பட்டையை ஒரு நோயாளிக்குத் தைத்துப் பார்க்க அனுமதியும் கிடைத்தது.

அந்த முதல் நோயாளி அவளுடைய அண்ணன்.

அண்ணன் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா. மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பெற்ற தகப்பனுக்கே முத்திரை வைக்காதவர். இதயம் வீங்கிப் போய், நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். தங்கையின் சிபாரிசால் இல்லை, பெரிய டாக்டர் ஒருவர் கடிதம் கொடுத்துத்தான் பட்டியலில் சேர்ந்தார். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

"அண்ணே, உனக்கு வைக்கப் போற பட்டை செத்துப் போச்சு. திரவம் மஞ்சளாகவே இல்ல. யாரும் இல்லாத நேரத்துல பம்பை நிறுத்திப் பார்த்தேன், அசையல" என்று சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"உங்க பேராசிரியர் எத்தனை நாடு சுத்தினவர். நீ கழுவுற வேலையை மட்டும் பாரு, எனக்கு நல்லது நடக்கறதுல மூக்கை நுழைக்காதே" என்றார் அண்ணன். அண்ணி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பேராசிரியரிடமும் சொன்னாள். அவர் சிரித்தார். "நீங்க ரொம்ப நாளா இங்க இருக்கீங்க, உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றார். மறுபடியும் அண்ணனிடம் போய்ச் சொன்னபோது அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். சம்மதக் கையெழுத்துப் போடும் அன்று காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது மூன்றாம் தடவை சொன்னாள். அவர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

ஆய்வுக்கூடத்துக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டில் பேராசிரியர் நின்றார். கோட்டில் ஒரு சொட்டுத் திரவக் கறை கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டை தாளம் தப்பாமல் ஆடியது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அண்ணன் கண் கலங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, சம்மதப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

மற்றவர்களின் ஏளனத்தை இருபத்திரண்டு வருடம் தாங்கியவள் அவள். ஆனால் அண்ணன் நெஞ்சைப் பிளந்து அந்தச் செத்த துண்டை வைத்துத் தைப்பதைத் தாங்க முடியாது. அண்ணனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

"அண்ணே, மூலப் பத்திரத்தைப் பார்த்தியா?" என்றாள்.

பேனா நின்றது. முப்பது வருடப் பழக்கம் அது, அவரையும் மீறி நின்றது.

"எங்கே பார்க்கணும்?"

"அந்த சுவிட்சை அணைச்சுட்டு பத்து எண்ணு."

"அதைத் தொடக்கூடாது, எழுதி ஒட்டியிருக்கு" என்றார் பேராசிரியர். குரலில் மரியாதை தீர்ந்து போயிருந்தது. "இவங்க பாத்திரம் கழுவுறவங்க, பெரிசா எடுத்துக்காதீங்க."

அண்ணன் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தார். பம்பின் முனகல் அடங்கியது. பட்டை ஒருமுறை தள்ளாடி ஊசிகளுக்கு நடுவே தொங்கியது. அவர் உதடு அசைய எண்ணினார். பத்து வந்தது. இருபது வந்தது. விருந்தாளிகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார். பேராசிரியர் அவசரமாக விளக்கின் சூடு, மின்சாரம் என்று எதையோ சொல்லிப் பூசி மெழுகினார். வெட்கப்படவும் அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் இதயத்துக்கு வேறு வழி எதுவும் யாரும் சொல்லவில்லை, அதுவும் இருவருக்கும் தெரியும்.

படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா செத்திருக்கு?"

"பதினோரு நாள்."

"நீ ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னேண்ணே, மூணு தடவை. சொன்னது நானில்லையா, அதான் உனக்குக் கேக்கல."