நடு ஆற்றில் விட்டுவைத்த பனி

எங்கள் ஊரில் உறைந்த ஆற்றைத் துளையிட்டு அளப்பவள் உலியானா. பனிக்கட்டியின் கனம் அறுபது சென்டிமீட்டர் ஆனதென்று அவள் சொன்ன பிறகுதான் லாரிகள் ஆற்றில் இறங்கும். யூரல் மலையில் வெட்டிய மரம் வெளியே போகும். மாவும் டீசலும் உள்ளே வரும். அந்த டிசம்பரில் ஊர் மின்சாரத்துக்கு ஐந்து நாள் டீசல்தான் மிச்சம். அளவுகோலைப் பிடிக்க நானும் கூடப் போனேன்.

கரையோரத் துளைகளில் அறுபதைத் தாண்டிவிட்டது. நடு ஆற்றில் மட்டும் நாற்பத்தெட்டு. அங்கே பனி முழங்கால் அளவு கிடந்தது. மேலே பனி போர்த்திக் கிடந்தால் அடியில் ஆறு சரியாக உறையாது.

"ஏன் ப்ரோகோப், இத மட்டும் தள்ளாம விட்டுட்ட?"

உலியானா கேட்டதும், டிராக்டரில் பனி தள்ளும் ப்ரோகோப் தொப்பியைக் கழற்றினார். "கெர்மன் போன இடம்மா. மனசு வரல."

கெர்மன் உலியானாவின் கணவன். போன ஏப்ரலில், கடைசி நடையில், லாரியோடு அங்கேதான் மூழ்கினான்.

"தொப்பியப் போடு. இருக்கிற காதும் குளிர்ல உதிர்ந்துடப் போகுது."

ப்ரோகோப் அசையவில்லை. அவளே பலகையை எடுத்துப் பனியை வாரத் தொடங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நானும் வாரினேன். கொஞ்ச நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது.

நான்காம் நாள் காலை நடு ஆற்றிலும் அறுபது இருந்தது. "வரச் சொல்லு," என்றாள். முதல் டீசல் லாரி அந்த இடத்தைக் கடந்தபோது, அவள் முதுகைக் காட்டியபடி அடுத்த துளையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.