தேர்ட் ஆபீசர் வீரராகவன்

ஒரு கையில் பையும் மறு கையில் முருங்கைக்காயுமாக வீரராகவன் மார்க்கெட் நடுவில் சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு முதலில் சல்யூட் வைத்த மாணவன் எப்போதோ போய்விட்டான். இவர் கை இன்னும் இறங்கவில்லை; முருங்கைக்காய் நெற்றியோரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. "இன்னா சார், கீரை வேணுமா, இல்ல சலாம் போட்டுகினே நிக்கப் போறியா?" என்கிறாள் கடைக்காரி.

ஆவடி டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பள்ளியில் அவர் வேதியியல் ஆசிரியர். அப்படிச் சொன்னால் கோபம் வரும். வடக்கே போய்ப் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து அவர் என்.சி.சி.யின் தேர்ட் ஆபீசர். அதே பள்ளியில் வேலை பார்க்கும் எனக்குப் பக்கத்து வீடு என்பதால், அவர் காபி கேட்பதுகூட இந்திக் கட்டளையாகக் காதில் விழும். மனைவி வசந்தகுமாரி காபியைப் போட்டு வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போவாள். காபி வரும், ஆறிப்போய்.

துப்பாக்கி சுடுவது, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, கூடாரம் அடிப்பது, முதலுதவி என்று பையன்களுக்கு எவ்வளவோ சொல்லித்தர வேண்டும் என்று அரசாங்கம் நினைக்கிறது. வீரராகவன் அப்படி நினைக்கவில்லை. வரைபடங்கள் அவர் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டால், "மேப்புன்னா மிலிட்டரி ரகசியம் சார். பசங்க கையில குடுத்தா எதிரிக்குப் போயிடும்" என்பார். செம்பரம்பாக்கம் ஏரியும் குமணன்சாவடி ரோடும் எங்கே இருக்கின்றன என்பதுதான் அந்த ரகசியம். திசைகாட்டியை வைத்து விடைத்தாள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறார்.

ஏரிக்கரையில் நடந்த முகாமில் ராணுவ ஹவில்தார் ஒருவர் முதல் குண்டைச் சுடும்படி இவரிடம் துப்பாக்கியை நீட்டினார். "தோள்ல வாயு புடிச்சிருக்கு" என்று வீரராகவன் நகர்ந்துகொண்டார். பையன்களுக்கென்று வந்த தோட்டாக்களைத் தலைமையாசிரியரின் மைத்துனர் ஆசை தீரச் சுட்டார். பையன்கள் காலிக் கூடுகளைப் பொறுக்கினார்கள்.

அவர் சொல்லித்தருவது ஒன்றுதான்: நிற்பது. "ஆடாம நிக்கிறவன்தான்டா சோல்ஜர்!" இதை வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி சொல்வார்.

எண்பத்தேழாம் வருஷம் சுதந்திர தினத்தன்று அந்தப் பயிற்சி முழுதும் வெளிப்பட்டது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். மூன்று வரிசைப் பையன்கள் வெயிலில் நின்றார்கள். விடிந்ததிலிருந்து யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வீரராகவன் உத்தரவு அது. "தண்ணி குடிச்சான்னா அணிவகுப்பு நடுவுல ஒண்ணுக்குப் போவணும்னு விரலத் தூக்குவான்" என்று என்னிடம் விளக்கினார். சொல்லிவிட்டு ஒரு சோடா குடித்தார்.

முன்வரிசையில் நின்ற ஒன்பதாம் வகுப்பு குணசேகரன் லேசாக ஆடத் தொடங்கினான். "சார், அந்தப் பையன் முகமே சரியில்ல" என்றேன்.

"நடிப்பு சார். பத்து வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

குணசேகரன் கையைக்கூட ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தான். தாடை கிழிந்து மண்ணில் ரத்தம் பரவியது. வீரராகவன் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவனும் அசையவில்லை.

கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில், அவன் அம்மா அங்கம்மா இருந்தாள். ஃபேக்டரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். மகன் முன்வரிசையில் நிற்பதைப் பார்க்கவென்று லீவு நாளில் புதுப்புடவை கட்டி வந்திருந்தாள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே ஓடி வந்தாள்.

"ஏம்மா, சிவிலியன்லாம் கிரவுண்டுக்குள்ள வரக்கூடாது!" என்று வீரராகவன் கத்தினார்.

"புள்ள உழுந்து கெடக்குறான், நீ இன்னாமோ ரூல் பேசிகினு கீறியே! ஊட்ல புள்ளகுட்டி இல்ல உனுக்கு?"

மகன் தலையை மடியில் எடுத்துப்போட்டு, முந்தானையைத் தாடையில் அழுத்திக்கொண்டு, தண்ணீர் தண்ணீர் என்று அலறினாள். நான் குடத்தோடு ஓடினேன். பையன் கண் திறந்தான். பிற்பாடு ஆஸ்பத்திரியில் தாடைக்குத் தையல் போட்டார்கள். குணமான பிறகு, என்.சி.சி. பக்கமே அவனை அங்கம்மா விடவில்லை.

ஆனால் அது பிற்பாடு. அவன் கண் திறந்த அந்த நேரத்தில் கேட்டருகே விருந்தினரின் கார் ஹாரன் கேட்டது. வீரராகவன் ஓடி வந்து பையனருகே மண்டியிட்டார். பரபரவென்று அவன் இடுப்புப் பெல்ட்டைத் தளர்த்தினார். மூச்சு விட வழி செய்கிறார் என்று நினைத்து அங்கம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் பெல்ட்டை முழுக்க உருவி எடுத்தார். பெல்ட் இல்லாமல் ஓரமாக நின்ற உபரிப் பையன் ஒருவனை இழுத்து, அவன் இடுப்பில் அதை மாட்டி, பித்தளைக் கொக்கியைத் தன் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்து, வரிசையில் இருந்த காலி இடத்துக்குள் தள்ளினார்.